நிறை, தடுப்பூசி, பத்துக் கேள்விகள்: திருகோணமலையில் பிரசவத்துக்குப் பிந்தைய வீட்டு வருகைச் சேவை பற்றி

பிள்ளை பெற்று வீடு திரும்பிய தாயைத் தேடி, சுகாதாரத் துறையே ஒருவரை வாசல் வரை அனுப்பி வைக்கும் ஏற்பாடு எல்லா நாடுகளிலும் கிடையாது. இலங்கையில் அது பல தலைமுறைகளாக நடந்து வருகிறது. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதார அலகு முறையிலிருந்து வளர்ந்த இந்தச் சேவையில், ஏறத்தாழ 3000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது பொதுவான கணக்கு. திருகோணமலையில் நாம் அவரை “மிட்வைஃப் மிஸ்” என்றே அழைக்கிறோம். ஒரு சதமும் வாங்காமல் அவர் செய்யும் வேலையை நாம் சேவை என்று நினைத்துப் பார்ப்பதே குறைவு. கடைக்கும் உணவகத்துக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிற நாம், இதற்கு எழுதுவதில்லை. இரண்டாவது பிள்ளைக்கான பிரசவ விடுமுறையில் இருக்கும் ஓர் ஆசிரியை என்ற வகையில், அண்மையில் இச்சேவையை முழுமையாகப் பெற்றவள் என்ற வகையில், அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கலாம் என்று எண்ணுகிறேன்.

நிறை பார்ப்பது, தடுப்பூசி, தாய்ப்பால் ஆகிய மூன்றிலும் இச்சேவையின் பெறுமதி ஊரறிந்தது. முதல் பத்து நாட்களுக்குள் இரு முறையும், மூன்றாம் வாரமளவில் ஒரு முறையும், ஆறு வாரமளவில் மீண்டும் ஒரு முறையும் வீட்டுக்கு வர வேண்டும் என்பது ஒழுங்கு. தாயின் இரத்தப்போக்கு, காய்ச்சல், தையல், மார்பு, பிள்ளையின் தொப்புள், கண்ணிலும் தோலிலும் மஞ்சள் நிறம் என்று ஒன்றையும் விடாமல் பார்க்கிறார்கள். இவற்றுக்கு நான் முழுப் புள்ளியும் கொடுத்துவிட்டு நகர்கிறேன். இம்மதிப்புரையின் கேள்வி வேறு: பிள்ளை பெற்றவளின் மனதையும், அந்த மனதைப் பார்த்தே உலகத்தைப் படிக்கத் தொடங்கும் பிள்ளையின் உணர்வையும் இச்சேவை எந்த அளவுக்குக் கவனிக்கிறது?

முதலில் விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரசவித்து மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவதும், சின்னச் சொல்லுக்கும் மனம் நொந்து போவதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு நேர்வது; ஓய்வும் ஆறுதலும் கிடைத்தால் இரண்டு வாரங்களுக்குள் அது தானாக விலகிவிடும். விலகாமல் வாரக்கணக்கில் நீடித்து, எதிலும் விருப்பமில்லாமை, தன்மீதே குற்றம் சுமத்திக்கொள்ளுதல், பிள்ளையைத் தூக்கவே மனம் வராமை என்று முற்றுவது பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வு. உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கின்படி, வளர்ந்துவரும் நாடுகளில் பிரசவித்த தாய்மாரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இத்தகைய மனநலப் பாதிப்பு ஏற்படுகிறது. மூன்றாவது வகை அரிது. ஆயிரம் தாய்மாரில் ஒருவருக்கோ இருவருக்கோ, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், திடீரென்று நித்திரையின்மையும் குழப்பமும் இல்லாத குரல் கேட்பதும் ஆரம்பிக்கும். பழையவர்கள் “பிரசவ சன்னி” என்று சொல்லிப் பார்வை பார்க்கக் கொண்டு போனது பெரும்பாலும் இதைத்தான். இது அவசர சிகிச்சைக்குரிய நோய்; அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். எங்கள் பகுதி உத்தியோகத்தர் இரண்டாவது வருகையிலேயே இந்த மூன்றையும் என் அம்மாவுக்கும் மாமிக்கும் விளங்கும்படி, பயமுறுத்தாமல் எடுத்துச் சொன்னார். “அழுதால் பால் வற்றும், அழாதே” என்று அதுவரை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த வீட்டில் அந்தப் பேச்சு உடனே வேலை செய்தது.

ஆனால் வீடு என்பதே இச்சேவையின் பலமும் பலவீனமும். எங்கள் குடும்பங்களில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும் வரையும், முஸ்லிம் குடும்பங்களில் நாற்பது நாள் வரையும் பிள்ளை பெற்றவள் அறையை விட்டு அதிகம் அசைவதில்லை. காயச் சரக்கு, பத்தியச் சாப்பாடு, இலை குழை போட்டு அவித்த வெந்நீர்க் குளிப்பு என்று அவளைச் சுற்றி எந்நேரமும் யாராவது இருப்பார்கள். இதைப் பழமை என்று ஒதுக்கித் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. கொழும்பில் தொடர்மாடி வீட்டில் கணவர் வேலைக்குப் போன பின் தனியாகப் பிள்ளையோடு இருந்த என் தோழிகளின் நிலையைப் பார்க்கும்போது, சமைத்துப் போடவும் பிள்ளையை வாங்கிக்கொள்ளவும் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய காப்பு என்று தெரிகிறது. ஆயினும் சுற்றி எப்போதும் ஆள் இருக்கும் வீட்டில் ஒரு தாய் தன் மனதிலுள்ளதைச் சொல்வதற்கு இடம் இருப்பதில்லை. “எப்படி இருக்கிறீங்க?” என்று உத்தியோகத்தர் கேட்டால் மாமி பதில் சொல்வார், மாமி சொல்லாவிட்டால் அம்மா சொல்வார், தாய் சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பாள்.

எங்கள் உத்தியோகத்தர் இதற்கு வைத்திருந்த வழி எந்தக் கைந்நூலிலும் இருக்குமோ தெரியாது, ஆனால் இருக்க வேண்டும். “தையலைப் பார்க்க வேணும், எல்லாரும் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ” என்றார். அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. கதவைச் சாத்தித் தையலையும் பார்த்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் இருந்துகொண்டு, “பிள்ளை நித்திரையா இருக்கிற நேரம் உங்களுக்கு நித்திரை வருதா, தங்கச்சி?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். எத்தனையோ கேள்விகளில் அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அன்று. பிள்ளை அழுவதால் நித்திரை கெடுவது எல்லோருக்கும் உள்ளது. பிள்ளை உறங்கும்போதும் கண் மூட முடியாமல் நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தால்தான் கவனிக்க வேண்டும். அதன் பின் சாப்பாடு, பயம், கணவருடனான பேச்சு, வீட்டில் யாராவது கை நீட்டுகிறார்களா என்பது வரை மெதுவாகக் கேட்டார். கிராம வீடுகளில் அறைக்குக் கதவே இல்லாமல் திரைச்சேலை மட்டும் தொங்கும் இடங்களில் இந்த வழியும் பலிக்காது என்பதை அவரே சொன்னார்.

அடுத்தது பத்துக் கேள்வித் தாள். 1987இல் ஸ்கொட்லாந்தில் கொக்ஸ், ஹோல்டன், சாகோவ்ஸ்கி ஆகியோர் உருவாக்கிய எடின்பரோ அளவீடு இது. உலகின் பல மொழிகளில் பயன்படுகிறது. கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, வரப்போவதை எதிர்பார்த்து மகிழ முடிந்ததா, தேவையில்லாமல் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டாளா, காரணமின்றிப் பதறினாளா என்று போய், பத்தாவது கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பதில் முடிகிறது. ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை, மொத்தம் முப்பது. கூட்டுத்தொகை உயர்ந்தால் அவளை மேலும் விசாரிக்க வேண்டும். பத்தாவது கேள்விக்கு “ஓம்” என்ற பக்கமாகப் பதில் இருந்தால், மற்ற ஒன்பதும் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவளை அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. எந்த மனச்சோர்வும் இத்தாளால் உறுதி செய்யப்படுவதில்லை. யாரோடு இருந்து பேச வேண்டும் என்று அது காட்டித் தருகிறது, அவ்வளவுதான்.

தாள் நல்லது. நான் அதை நிரப்பிய சூழலைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நான் போன கிளினிக்கின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, ஏனென்றால் மற்றக் கிளினிக்குகளுக்குப் போன தாய்மாரும் இதையேதான் சொல்கிறார்கள். ஒரு மாதம் கடந்த பிள்ளையோடு போனபோது, நிறை பார்க்கும் வரிசைக்கும் பதிவேடு எழுதும் மேசைக்கும் இடையில் கிடந்த வாங்கில் இருந்து, மடியில் பிள்ளை சிணுங்க, ஒரு பக்கம் மாமியும் மறுபக்கம் முன்பின் தெரியாத ஒருவரும் எட்டிப் பார்க்க, அந்தத் தாளில் அடையாளமிட வேண்டியிருந்தது. ஏழாவது கேள்வி கவலையால் நித்திரை வராமை பற்றியது. எனக்குப் பக்கத்தில் இருந்த தாய் பிள்ளை அழுவதை நினைத்து அதற்கு உச்சப் புள்ளி போட்டுவிட்டு, பத்தாவது கேள்விக்குப் படிக்காமலே பூச்சியம் போட்டார். வாசிக்கச் சிரமப்பட்ட இன்னொருவருக்கு ஒரு தாதியர் கேள்விகளை உரத்து வாசித்தார். உரத்து வாசித்தால் எந்தத் தாய் உண்மையைச் சொல்வாள்? இதே தாளை வீட்டு வருகையின்போது, தையல் பார்க்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் நிரப்பியிருந்தால் பதில்கள் வேறாக இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கிளினிக்கில்தான் நிரப்ப வேண்டும் என்றால், ஒரு மூலையில் திரை போட்ட கதிரை போதும், பெரிய செலவில்லை.

இனிப் பிள்ளையின் பக்கம். பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, ஆண் பிள்ளைக்கு நீலமும் பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்புமாகத் தரப்படும் அந்தக் கொப்பி, நான் பார்த்த அரச வெளியீடுகளில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. நிறை வளைகோடும் தடுப்பூசி அட்டவணையும் தவிர, எந்த வயதில் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும், எப்போது சத்தத்துக்குத் திரும்பும் என்பதையும் அதில் குறிக்க இடமுண்டு. ஆனால் எல்லோர் கண்ணும் நிறை வளைகோட்டில்தான். புள்ளி பச்சைப் பட்டைக்குள் விழுந்தால் மாமி முதல் மிட்வைஃப் மிஸ் வரை எல்லோருக்கும் நிம்மதி. கொஞ்சம் இறங்கினால் தாய்க்குப் பால் போதாது என்ற பேச்சு அன்றே கிளம்பிவிடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியதா என்ற கட்டம், பெரும்பாலும் தாயிடம் கேட்காமலே “சரி” போடப்பட்டு நிரம்புகிறது.

அந்தக் கட்டம் எவ்வளவு முக்கியமானது என்பதை எட்வர்ட் ட்ரொனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த ஒரு சோதனை தெளிவாகக் காட்டுகிறது. தாய் தன் கைக்குழந்தையோடு வழக்கம் போல் கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு இரண்டொரு நிமிடத்துக்கு முகத்தை எந்த அசைவுமின்றி வைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்தபடி இருக்கிறாள். பிள்ளை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சத்தமிடுகிறது. எதற்கும் முகம் அசையாதபோது பார்வையைத் திருப்பிக்கொண்டு துவண்டு போகிறது, அழுகிறது. பேச்சு வராத பிள்ளைக்குத் தாயின் முகத்தோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல்தான் முதல் உரையாடல் என்பது இதில் தெரிகிறது. ஆழ்ந்த மனச்சோர்வில் இருக்கும் தாய்க்கு, அன்பு இருந்தும் அந்த முகத்தைக் கொடுக்கச் சக்தி இருப்பதில்லை. மாதக்கணக்கில் அப்படியே நீண்டால் பிள்ளையின் உணர்வு, பேச்சு, பிறரோடு ஒட்டும் தன்மை ஆகியவை பின்தங்கக்கூடும்.

இதைப் படித்து எந்தத் தாயும் கலங்க வேண்டாம்; அதே ட்ரொனிக்கின் ஆய்வுகளில் பேசப்படாத பாதி ஒன்று உண்டு. நலமாக இருக்கும் தாயும் பிள்ளையும்கூட ஒருவரோடொருவர் ஒத்திசைந்து இருப்பது மூன்றில் ஒரு பங்கு நேரமளவே. மீதி நேரம் தவறவிடுவதும், மறுபடி சரிசெய்வதுமாகப் போகிறது. பிள்ளை அழுதபோது ஓடிவர முடியாத தாய், வந்த பின் தூக்கிச் சமாதானப்படுத்துவதிலிருந்து, அறுந்தது மீண்டும் சேரும் என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. அதோடு பிள்ளைக்கு முகம் கொடுப்பவர் தாய் ஒருவரே ஆக வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் மாலையில் தாத்தா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உப்புவெளிக் கடற்கரைக்குப் போன கதை சொல்வார். பிள்ளை அவர் மீசையைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கும். தாய் சோர்ந்திருக்கும் காலத்தில் அத்தகைய முகங்கள் பிள்ளைக்கு நிறையவே ஈடு செய்கின்றன. மூன்றாவது வருகையில் உத்தியோகத்தர் என் கணவரையும் அழைத்து இருத்தி, பிள்ளையின் முகத்துக்கு நேரே ஒரு சாணளவு தூரத்தில் முகத்தை வைத்துப் பேசச் சொல்லிக் காட்டினார். அவர் கூச்சத்தோடு “என்னடா?” என்று கேட்க, பிள்ளை வாயைக் குவித்து ஏதோ பதில் சொல்லிற்று. தகப்பன்மாருக்கும் மனச்சோர்வு வருவதுண்டு, ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு. ஆனால் பிரசவத்துக்கு முந்தைய வகுப்புக்கு அழைக்கப்படும் கணவர், பிரசவத்துக்குப் பின் சேவையின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார். எங்கள் வீட்டில் நடந்தது உத்தியோகத்தரின் சொந்த விருப்பத்தால் நடந்தது.

திருகோணமலைக்கு மட்டும் உரிய ஒரு காரணமும் இருக்கிறது. 2004 கடற்கோளையும், 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளிலிருந்து நேர்ந்த இடப்பெயர்வையும் கைக்குழந்தைகளாகவோ சிறுமிகளாகவோ கடந்தவர்கள்தாம் இன்று கிளினிக் வாங்குகளில் பிள்ளையோடு இருக்கிறார்கள். முகாமில் வளர்ந்தவர்களும், தாயையோ தகப்பனையோ இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. முந்தைய இழப்பும் அதிர்ச்சியும் பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வுக்கு வழி திறக்கும் காரணிகள் என்பது நன்கு அறியப்பட்டது. கர்ப்பிணிப் பதிவேட்டில் குருதி வகை, நீரிழிவு, முந்தைய கருச்சிதைவு எல்லாம் கேட்கப்படுகின்றன, “சின்ன வயதில் எங்கே இருந்தீர்கள், யாரிடம் வளர்ந்தீர்கள்?” என்ற கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. இம்மாவட்டத்தில் அதைக் கேட்காமல் விடுவது, இச்சேவையின் மிகப் பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

குடும்பநல உத்தியோகத்தருக்கு உளவியல் பட்டம் இல்லையே, அவர் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்கள் பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அங்கே நமது உத்தியோகத்தர்களைவிடக் குறைந்த பயிற்சியுள்ள கிராமச் சுகாதாரப் பெண் பணியாளர்களுக்கு, தாயின் எண்ணப் போக்கை மெல்ல மாற்றும் எளிய முறை ஒன்று கற்பிக்கப்பட்டது. கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வு கண்டறியப்பட்ட தாய்மாரிடம் அது பரீட்சிக்கப்பட்டது. 2008இல் வெளியான முடிவுகளின்படி, அவர்கள் வீடு தேடிச் சென்று பேசிய தாய்மாரில் ஆறு மாதத்தில் மனச்சோர்வோடு இருந்தவர்கள் 23 வீதம்; வழக்கமான வருகை மட்டும் பெற்றவர்களில் 53 வீதம். உலக சுகாதார நிறுவனம் அம்முறையைப் பின்னர் எல்லா நாடுகளுக்குமான கைந்நூலாக்கியது. வீடு தேடிச் செல்லும் ஆள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார். ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கையும், அவர் இரவில் எழுதி முடிக்க வேண்டிய பதிவேடுகளின் எண்ணிக்கையும் குறைந்தால்தான் பேசுவதற்கு நேரம் பிறக்கும்.

மேலதிக உதவி தேவைப்படும் தாயை உத்தியோகத்தர் சுகாதார வைத்திய அதிகாரியிடமும், அங்கிருந்து வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கும் அனுப்புவது வழி. அந்தப் பிரிவின் பெயரைக் கேட்டதும் பின்வாங்கும் குடும்பங்கள் அதிகம்; மருந்து தொடங்கினால் பாலை நிறுத்த வேண்டும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. பாலூட்டிக்கொண்டே எடுக்கக்கூடிய மனச்சோர்வு மருந்துகள் உண்டு. எது, எவ்வளவு என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். நேரில் போக மனமில்லாதவர்கள் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். களுத்துறையில் எல்லாம் தொடங்கிய ஆண்டும் அதுவாக இருப்பதால் எனக்கு அந்த இலக்கம் மறப்பதில்லை. வீட்டில் வன்முறை இருந்தால், பல அரச வைத்தியசாலைகளில் இயங்கும் நட்பு நிலையத்தைக் கேட்டுப் போகலாம்.

புள்ளி கேட்பவர்களுக்கு: உடலுக்குப் பத்துக்குப் பத்து, வீட்டு வருகையில் மனதைக் கேட்ட விதத்துக்கு எட்டு, கிளினிக் வாங்கில் கேட்ட விதத்துக்கு மூன்று. எங்கள் உத்தியோகத்தரைப் போன்ற ஒருவர் எல்லாப் பகுதிக்கும் வாய்ப்பதில்லை என்பதையும் இந்த எட்டோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

சேவை கைநழுவிப் போகும் இடங்கள் இரண்டைத் தாய்மார் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தனியார் வைத்தியசாலையில் பிள்ளை பெற்றவர்கள் பலர், பணம் கட்டிவிட்டோம், இனி அரச சேவை நமக்கில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கே பெற்றாலும் வீட்டு வருகைக்கு உரித்துண்டு, பகுதி உத்தியோகத்தருக்குத் தகவல் சொன்னால் வருவார். மற்றது தாய் வீட்டுக்குப் போகும் வழக்கம். உவர்மலையில் பதிந்த ஒருவர் பிரசவத்துக்குப் பின் மூதூரிலோ நிலாவெளியிலோ உள்ள தாய் வீட்டுக்குப் போனால், முதல் பத்து நாள் வருகை இரண்டும் பூட்டிய வீட்டு வாசலோடு நின்றுவிடும். எட்டாம் மாதத்திலேயே இரு பகுதி உத்தியோகத்தர்களின் தொலைபேசி இலக்கங்களையும் பதிவேட்டின் அட்டையில் எழுதி வைத்து, பிள்ளை பிறந்த மறுநாளே கணவரைக் கொண்டு இருவருக்கும் அறிவித்துவிட்டால், தாய் வீட்டு வாசலுக்கும் ஒருவர் வந்து சேர்வார்.